பெரிய கண்காட்சிக்கு முதல்முறை மாடல் ரயில் லேஅவுட் கொண்டுபோகிறேன்: போனவர்கள், பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஜல்லிக்கல் | லெஸ்டர்

வணக்கம். என்னுடைய ஓஓ கேஜ் (நிஜத்தில் 76-ல் ஒரு பங்கு அளவு) மாடல் ரயில் லேஅவுட்டை இங்கே சிலர் படத்தில் பார்த்திருப்பீர்கள். டெவன் பக்கத்துக் கிளைப்பாதை ஒன்றின் கடைசி ஸ்டேஷன், 1950-களின் நடுப்பகுதி, ஊர்ப் பெயர் கற்பனை. ஃபிடில் யார்டையும் (பார்வைக்கு மறைவாக வண்டிகளை மாற்றி நிறுத்துகிற பகுதி) சேர்த்தால் பதினாறு அடி. இதுவரை சர்ச் ஹால், பள்ளிக்கூட ஹால் என்று ஒருநாள் ஷோக்களுக்குத்தான் போயிருக்கிறது. சமீபத்தில் அப்படி ஒரு ஷோவில் ஒருவர் வெகுநேரம் கைகட்டி நின்று பார்த்துவிட்டு கார்டை நீட்டினார். பெரிய ஷோ ஒன்றின் எக்ஸிபிஷன் மேனேஜராம். அடுத்த வருடம், இரண்டு நாள், லாரி உள்ளே வருகிற அளவு ஹால்.

ஃபாரம் வந்துவிட்டது. நீள அகலம், ஆப்பரேட்டர் எத்தனை பேர், பிளக் பாயின்ட் எத்தனை, இன்சூரன்ஸுக்கு மதிப்பு எவ்வளவு, வேன் வாடகை எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் பாதிக்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. எனக்கு நிஜ ரயில்வே மாதிரி டைம்டேபிள்படி, சிக்னல்காரர்கள் பேசிக்கொள்கிற பெல் அடித்து, ஒற்றைப் பாதையில் போக அனுமதியான டோக்கன் கொடுத்து ஓட்டத்தான் பிடிக்கும். கிளைப்பாதையில் ஒரு நாளைக்கு நாலைந்து பாசஞ்சர், ஒரு கூட்ஸ், அவ்வளவுதான். சின்ன ஷோவில் ஒரு நிமிடம் ஒன்றும் நகராவிட்டால் பார்க்கிறவர்கள் அடுத்த லேஅவுட்டுக்குப் போய்விடுகிறார்கள். பெரிய ஷோவில் இது எப்படி? ஆப்பரேட் பண்ணியவர்களும் சொல்லுங்கள், டிக்கெட் வாங்கிப் பார்க்க மட்டும் போகிறவர்களும் சொல்லுங்கள்.


மூணாம்_பிளாட்பாரம் | பர்மிங்காம்

வாழ்த்துகள் தம்பி. பெரும்பாலான அழைப்பு இப்படித்தான் வரும். நாமே போய்க் கேட்டு வாங்குவது அபூர்வம், யாராவது சின்ன ஷோவில் பார்த்திருக்க வேண்டும்.

ஃபாரத்தில் எழுதுகிற எண்ணை வைத்துத்தான் எல்லாமே நடக்கும், அதனால் நிதானமாக எழுதுங்கள். லேஅவுட்டுக்குச் சம்பளம் கிடையாது, செலவு மட்டும் தருவார்கள்: வேன், டீசல், இரவு தங்க ஹோட்டல், மதியச் சாப்பாடு. காசு கட்டி வருகிறவர்கள் கடைக்காரர்கள். ஆகவே "நாலு பேர்" என்று எழுதினால் நாலு பேருக்குத்தான் படுக்கை, சாப்பாடு, பாஸ். பதினாறு அடி டெர்மினஸை ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஓட்டலாம்தான், ஆனால் இரண்டு நாளும் அதே இரண்டு பேர் என்றால் ஞாயிறு மதியம் ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். நாலு பேர் என்று எழுதுங்கள். மணிக்கொரு தரம் மாற்றுங்கள்.

லேஅவுட் அளவு என்றால் பேஸ்போர்டு (தண்டவாளம் உட்கார்ந்திருக்கிற பலகை) அளவு மட்டும் இல்லை. பின்னால் ஆப்பரேட்டர் நிற்கிற இடம், நாற்காலி, காலிப் பெட்டிகள் வைக்கிற இடம் எல்லாம் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பின்பக்க லேஅவுட்காரரின் முதுகில் உங்கள் முதுகு.

மெயின்ஸில் செருகுகிற ஒவ்வொன்றுக்கும் பிஏடி டெஸ்ட் (மின்சாதனப் பாதுகாப்புச் சோதனை) ஸ்டிக்கர் கேட்பார்கள். கன்ட்ரோலர், எக்ஸ்டென்ஷன் கேபிள், லைட்டு, சாலிடரிங் அயர்ன், போன் சார்ஜர் வரை. முன்னாலேயே முடித்துவிடுங்கள்.

வேன் ஓட்டப்போவது யார்? 1997-க்கு முன் கார் லைசென்ஸ் எடுத்தவர்கள் இங்கே ஏழரை டன் வரை ஓட்டலாம், அதற்குப் பிறகு எடுத்தவர்களுக்குச் சாதாரணமாக மூன்றரை டன்தான். லூட்டன் வேன் (டிரைவர் தலைக்கு மேலும் பெட்டி நீள்கிற பெரிய வேன்) அதற்குள் அடங்கும். ஆனால் பேஸ்போர்டு, ஆட்கள், இரும்பு ஸ்டாண்டு எல்லாம் ஏற்றினபின் எடை என்ன என்று ஒருமுறை கணக்குப் போடுங்கள்.


கேட்கீப்பர் | மில்டன் கீன்ஸ்

நான் பார்க்க மட்டும் போகிறவன், ஒரு லேஅவுட்டும் கட்டியதில்லை, கட்டப்போவதும் இல்லை. அந்த உரிமையில் சொல்கிறேன்: எதாவது ஓட வேண்டும். டிக்கெட் காசு கொடுத்து, பார்க்கிங் காசு கொடுத்து, கூட்டத்தில் முண்டியடித்து முன்வரிசைக்கு வந்து நின்றால், கம்பிக்கு அந்தப் பக்கம் நாலு பேர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டீ குடித்தபடி போன வாரம் வாங்கிய இன்ஜினைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். ஸ்டேஷனில் ஒரு வண்டி நிற்கும். நிற்கும். நின்றுகொண்டே இருக்கும்.

பர்மிங்காம் என்இசி கண்காட்சி அரங்கில் வார்லி ஷோ நடந்த காலத்தில் எண்பது தொண்ணூறு லேஅவுட் ஒரே கூரைக்கடியில் இருக்கும். ஒரு நாளில் அதைப் பார்த்து முடிக்க வேண்டுமென்றால், நடக்கிற நேரமும் சாப்பாட்டு நேரமும் போக ஒன்றுக்கு நாலு நிமிடம்தான் வரும். அந்த நாலு நிமிடத்தில் உங்கள் கிளைப்பாதையின் மதியத் தூக்கத்தையா நான் பார்க்க வேண்டும்?


பெல்கோடு | யார்க்

கேட்கீப்பர் ஐயா, கோபிக்காதீர்கள். வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கிற வண்டியைப் பார்க்க ஆசையென்றால் அதற்கும் அங்கே நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு டெர்மினஸில் வண்டி வந்ததும் இன்ஜின் கழன்று, சுற்றுப்பாதை வழியாக மறுமுனைக்குப் போய், மறுபடி மாட்டி, கைகாட்டி இறங்கி, கார்டு பச்சைக்கொடி காட்டி, அப்புறம் புறப்படுகிறதே, அந்த வரிசை தெரிந்தவனுக்கு அதில் ஒவ்வொரு அசைவும் காட்சி. மூன்று-ஒன்று என்று பெல் அடித்து அடுத்த சிக்னல்காரரிடம் பாசஞ்சருக்குப் பாதை கேட்பது, பதில் பெல், வண்டி கிளம்பியதும் இரண்டு, போய்ச் சேர்ந்ததும் இரண்டு-ஒன்று. நான் இதைக் கேட்பதற்காகவே ஒரு லேஅவுட் முன்னால் அரைமணி நேரம் நிற்கிறவன்.

கண்காட்சி என்பதற்காக எல்லாரும் வேடிக்கைக் கடை போட்டுவிட்டால், ரயில்வே எப்படி வேலை செய்தது என்று காட்ட யார் மிச்சம்?


கேட்கீப்பர் | மில்டன் கீன்ஸ்

பெல் அடிக்கிறது காதில் விழுகிறது. என்னவென்று எனக்கு யார் சொன்னார்கள்? அதைத்தான் கேட்கிறேன். உங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு உங்களுக்குள்ளேயே சந்தோஷப்படுகிறீர்கள்.


நீலவண்டி | ஹாரோ

நான் பிள்ளைகளோடு போகிறவள். அலெக்ஸாண்ட்ரா பேலஸில் மார்ச் மாதம் நடக்கிற ஷோவுக்குப் பெரும்பாலும் போவோம், வீட்டிலிருந்து கிட்ட. என் சின்னவனுக்கு வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, தன்னைக் கண்டு ஒரு மனிசர் கதைத்தால் போதும். போனமுறை ஒரு சின்னஞ்சிறிய ஷண்டிங் லேஅவுட், ஒரு மேசை நீளம்தான் இருக்கும். ஓட்டிய ஐயா இவனைக் கூப்பிட்டு ஒரு பையைத் தந்து, அதிலிருந்து ஐந்து சில்லு எடுக்கச் சொன்னார். சில்லில் என்ன வேகன் வருகிறதோ அதே ஒழுங்கில் வண்டியைக் கோர்க்க வேண்டும். இங்கல்நூக் என்று பெயராம். மொத்தம் எட்டு வேகன், மூன்று பாதை, ஒன்றில் ஐந்து வேகன் வரை நிற்க இடம், மற்ற இரண்டில் மூன்று மூன்றுக்கு இடம். இன்ஜின் பக்கத்துத் துண்டுப்பாதையில் இன்ஜினுக்கும் மூன்று வேகனுக்கும் மட்டும் இடம். வீட்டுக்கு வந்து மூத்தவள் கணக்குப் போட்டாள், எட்டில் ஐந்தை ஒழுங்காக எடுக்க 6,720 விதம் வருகிறது. அவ்வளவு பெரிய மண்டபத்தில் பிள்ளைகள் இரண்டும் வடிவாக நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு மேசையைத்தான்.

முன்பக்கம் ஒருவர் நில்லுங்கோ. அதுதான் என் ஆலோசனை.


சாய்தளம் | கோவென்ட்ரி

உயரத்தைப் பற்றி யாருமே பேசவில்லையே. நான் சக்கர நாற்காலியில் போகிறவன். இப்போது நிறையப் பேர் தண்டவாளத்தை நாலேகால் அடி உயரத்தில் வைக்கிறார்கள். நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு நேராக வரும், பிளாட்பாரத்தில் நிற்பது மாதிரி இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். என் கண் தரையிலிருந்து நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. நாலேகால் அடி லேஅவுட்டில் எனக்குத் தெரிவது கருப்பு பெயின்ட் அடித்த முன்பலகை, அதற்கு மேலே புகைக்கூண்டு ஒன்று நகர்ந்து போவது. ஐந்து வயதுக் குழந்தைக்கு அதுவும் தெரியாது. அப்பா தோளில் ஏறினால் பார்க்கலாம், அப்பாவுக்கு முதுகு வலிக்கும்வரை.

மூன்றரை அடியில் வைத்தால் எனக்குச் சரியான உயரம், நிற்கிறவர் கொஞ்சம் குனிந்து பார்ப்பார். குனிய முடிகிறவர் குனியட்டுமே. லேஅவுட்டின் கால்களை மாற்றப் பெரிய வேலை இல்லை.

இன்னொன்று: முன்னால் போடுகிற தடுப்புக் கயிறு. லேஅவுட்டிலிருந்து நாலடி தள்ளிப் போட்டால் ஓஓ வேகன் நம்பரைப் படிக்கவே முடியாது. ஒரு கை நீளத்துக்குச் சற்றுக் கூட இருந்தால் போதும்.


நூறுவேகன் | பாஸ்டன் பக்கம்

இந்தச் சண்டையைப் பார்த்தால் அமெரிக்கா எவ்வளவு சுலபம் என்று தோன்றுகிறது. மாசசூசெட்ஸில் வெஸ்ட் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜனவரிக் கடைசியில் ஆம்ஹர்ஸ்ட் ரயில்வே சொசைட்டி நடத்துகிற ஷோ, பிக் ஈ மைதானத்தில் நாலு கட்டடம். இங்கே பெரும்பாலும் கிளப் மாடுலர் லேஅவுட்கள். ஒவ்வொரு உறுப்பினரும் வீட்டிலிருந்து ஒரு துண்டு கொண்டுவருவார், எல்லாம் ஒரே அளவில் சேர்ந்து பெரிய வளையமாகும். இரட்டைப் பாதையில் நீளநீளமான கூட்ஸ் நாள் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கும். மூலைக்கு மூலை வேறு வேறு கைவேலை. ஒரு துண்டில் நெப்ராஸ்கா சோளக்காடு, அடுத்த துண்டில் பாஸ்டன் துறைமுகம், நடுவே ஒரு கோடுதான் எல்லை. யாரும் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை.

சுத்தமான காட்சி என்றால் பிரிட்டிஷ் லேஅவுட்தான், அதை மறுக்கவில்லை. சின்ன இடத்தில் ஒரு ஊரையே அடக்கிவிடுகிறீர்கள். ஆனால் உங்கள் ஊரில் ஆப்பரேட்டர் எல்லாரும் பின்னால் ஒளிந்துகொள்வது ஏன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.


ஜல்லிக்கல் | லெஸ்டர்

எல்லாருக்கும் நன்றி. சாய்தளம் அண்ணா, உயர விஷயம் நான் யோசிக்கவே இல்லை. என்னுடையது நாலடி. கால்களைக் கழற்றி அறுப்பதற்கு முன் ஒரு கேள்வி: நின்று ஓட்டுகிறவர்களுக்கு முதுகு என்ன ஆகும்?

அப்புறம் பேஸ்போர்டு இணைப்பு. ஒருநாள் ஷோவில் மூன்று இணைப்பும் ஒழுங்காக இருக்கும். இரண்டு நாளில் என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது.


சாய்தளம் | கோவென்ட்ரி

உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து ஓட்டுங்கள். மூன்றரை அடிக்கு அது கச்சிதமாக இருக்கும்.


ஃபிஷ்பிளேட் | ஷெஃபீல்டு

இணைப்பைப் பற்றி நான் சொல்கிறேன், மற்றதெல்லாம் உங்கள் சண்டை.

வெள்ளிக்கிழமை செட் பண்ணுகிறபோது லாரி வருகிற பெரிய கதவுகள் எல்லாம் திறந்து கிடக்கும். நவம்பர், ஜனவரி என்றால் ஹாலுக்குள்ளேயே கோட்டு போட்டுத்தான் வேலை செய்வோம். சனிக்கிழமை காலை ஹீட்டிங், விளக்கு, அதற்குமேல் ஆயிரக்கணக்கான ஆட்களின் உடம்புச் சூடு. நிக்கல் சில்வர் தண்டவாளம் 15 டிகிரி ஏறினால் மீட்டருக்குக் கால் மில்லிமீட்டர் நீளும். கேட்க ஒன்றுமில்லாதது போலத் தோன்றும். வெள்ளி ராத்திரி குளிரில் இடைவெளியே இல்லாமல் முட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி அமைத்தீர்களென்றால், சனி பதினொரு மணிக்கு அந்தக் கால் மில்லிமீட்டர் போக இடமில்லாமல் தண்டவாளம் பக்கவாட்டில் நெளியும். அதைவிட மோசம் பலகை. காற்றின் ஈரத்துக்கு ஏற்றபடி பிளைவுட் தன் பங்குக்கு ஆடும்.

நான் செய்வது: இணைப்பின் இரு பக்கமும் கடைசி இரண்டு ஸ்லீப்பர் (தண்டவாளத்துக்கு அடியில் இருக்கிற குறுக்குக்கட்டை) பிளாஸ்டிக் கிடையாது. செம்புத் தகடு ஒட்டிய ஸ்லீப்பரைப் பலகையில் ஸ்க்ரூவும் எபாக்ஸியும் போட்டு இறுக்கி, தண்டவாளத்தை அதில் சாலிடர் பண்ணிவிடுவேன். செம்பை நடுவில் கீறிப் பிரிக்க மறக்கக் கூடாது, இல்லையென்றால் ஷார்ட். தண்டவாள முனைகளுக்கு நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி. முனையின் உள்பக்க விளிம்பை மெல்லிய அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் சக்கரம் தட்டாது. பலகைகள் ஒன்றோடொன்று சரியாக உட்கார பித்தளை முளையும் அது நுழைகிற குழியும் (டோவல்) ஜோடியாக. வெறும் போல்ட்டை நம்பினால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்கும்.

தூசி இன்னொரு கதை. கார்பெட் ஹாலில் பஞ்சு மாதிரி ஒன்று பறந்து வந்து இன்ஜின் கியரில் சுற்றும். காலையில் திறக்கும் முன்னும் மதியம் ஒருமுறையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தண்டவாளத்தைத் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், கீறலில்தான் அழுக்கு சேரும். ஒரு கன்ட்ரோலர் கூடுதலாக எடுத்துப்போங்கள். பாயின்ட் (வண்டி பாதை மாறுகிற தண்டவாளப் பிரிவு) மோட்டாரும் ஒன்று.

லைட்டு: அந்த ஹால்களில் விளக்கு கூரையில் எங்கோ இருக்கும், எல்லாம் சாம்பல் நிறமாகத் தெரியும். மேலே ஒரு பலகை வைத்து எல்இடி கட்டுங்கள். புதிதாகச் சேர்க்க ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் அது இதுதான்.


பெல்கோடு | யார்க்

செம்பு ஸ்லீப்பரை நானும் வழிமொழிகிறேன். (ஓஓவின் 16.5 மில்லிமீட்டர் கேஜில் ஓடுகிறதை ரயில்வே என்றே ஒத்துக்கொள்ளாமல், நிஜத்துக்குச் சரியாக 18.83 மில்லிமீட்டரில் கட்டுகிற எங்கள் ஆட்களும் இதைத்தான் செய்கிறார்கள்.)


மூணாம்_பிளாட்பாரம் | பர்மிங்காம்

ஓடணுமா நிற்கணுமா என்ற சண்டைக்கு வருகிறேன். இரண்டு பேரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள், வேகம். நிஜத்தில் மணிக்கு 25 மைல் என்றால் ஓஓ அளவில் வினாடிக்கு 15 சென்டிமீட்டர்கூட வராது. தம்பியின் லேஅவுட்டில் பார்வைக்குத் தெரிகிற பகுதி மூன்று மீட்டர் என்று வைத்தால் வண்டி அதைக் கடக்க இருபது வினாடி ஆகும். ஸ்டேஷனுக்குள் வரும்போது இன்னும் மெதுவாக வர வேண்டும், ஆக முப்பது, நாற்பது வினாடி. பெரும்பாலானவர்கள் இதை ஏழெட்டு வினாடியில் முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று எழுதிவைத்த அட்டையைத் தேடுகிறார்கள். இடைவெளி உருவாவதே அங்கேதான்.

இன்னொன்று, அவர் எடுத்திருக்கிற ஊருக்கே பதில் இருக்கிறது. டெவன் கிளைப்பாதை, 1950-கள் என்றால் ஆட்டோ கோச் இருக்குமே! 14xx வரிசை டேங்க் இன்ஜின் (தண்ணீர்த் தொட்டியைத் தன்மேலேயே சுமக்கிற சின்ன இன்ஜின்), கூட ஒரு ஆட்டோ கோச். கோச் முன்னால் போகும்போது டிரைவர் அதன் முன்முனையில் நின்று கம்பி இணைப்பு வழியாக இன்ஜினின் ரெகுலேட்டரை (நீராவியைக் கூட்டிக் குறைக்கிற கைப்பிடி) இயக்குவார், ஃபயர்மேன் மட்டும் இன்ஜினில். அதனால் டெர்மினஸில் இன்ஜினைக் கழற்றிச் சுற்றவே தேவையில்லை. வந்தது, நின்றது, அப்படியே திரும்பிப் போனது. அது பிளாட்பாரத்தில் நிற்கிற நேரத்தில் பானியர் டேங்க் இன்ஜின் ஒன்று கூட்ஸ் யார்டில் ஷண்டிங் பண்ணட்டும். ஆட்டோ கிளம்புவதற்குள் கூட்ஸ் ஒதுங்கிவிட வேண்டும். ஒருவர் ஸ்டேஷன், ஒருவர் யார்டு, ஒருவர் ஃபிடில் யார்டு. எப்போதும் ஒன்று அசையும், ஒன்றும் பொய்யில்லை.

நிஜமான டைம்டேபிளை அப்படியே ஓட்டாதீர்கள். வண்டிகளின் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு கடிகாரத்தைத் தூக்கிப்போடுங்கள். இருபது இருபத்தைந்து அசைவு கொண்ட ஒரு சுற்று, ஒவ்வொன்றும் ஒரு அட்டையில். ஒரு சுற்று அரைமணி நேரத்துக்குள் முடிந்தால் நல்லது.


பெல்கோடு | யார்க்

இதை ஏற்றுக்கொள்ளலாம். பெல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள்.


கேட்கீப்பர் | மில்டன் கீன்ஸ்

பெல்லுக்கு அர்த்தம் எழுதி முன்பலகையில் ஒரு அட்டை மாட்டினால் நானும் ஏற்றுக்கொள்கிறேன். சின்ன எழுத்தில் வேண்டாம்.


கரித்துண்டு | நாட்டிங்ஹாம்

பார்க்கப் போகிறவர்களுக்கும் கொஞ்சம் சொல்லலாமா? சனிக்கிழமை காலை கதவு திறந்ததும் பாதிக் கூட்டம் பழைய சாமான் விற்கிற கடைகளுக்கு ஓடும். மலிவு வேண்டுமென்றால் அப்போது போங்கள். லேஅவுட் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குமேல் போங்கள், முன்னால் இடம் கிடைக்கும், ஓட்டுகிறவருக்கும் பேச நேரம் இருக்கும். முதுகுப்பையைக் கழற்றிக் கையில் பிடியுங்கள். திரும்பிப் பேசும்போது பின்னால் நிற்கிற குழந்தையின் முகத்தில் எத்தனை பை இடித்திருக்கிறது என்று பையின் சொந்தக்காரருக்குத் தெரியாது. பேஸ்போர்டு விளிம்பில் முழங்கை ஊன்றுகிறவர்களையும் இதே கணக்கில் சேர்க்கிறேன்.

முதலில் ஹால் முழுக்க நிற்காமல் ஒரு சுற்று நடங்கள், பிடித்தது ஐந்தாறைக் குறித்துக்கொண்டு, மிச்ச நேரத்தை அவற்றின் முன்னால் மட்டும் செலவிடுங்கள். லண்டனில் இருக்கிற 'தி மாடல் ரயில்வே கிளப்'பின் கோபன்ஹேகன் ஃபீல்ட்ஸ் என்ற லேஅவுட் எங்காவது வந்தால் விடாதீர்கள். லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனுக்கு வடக்கே இருக்கிற இடம், நிஜத்து ஒரு அடிக்கு இரண்டு மில்லிமீட்டர் அளவு. பின்னால் போகப்போக வீடுகளின் அளவையே குறைத்துக் கட்டியிருப்பதால் சில அடி ஆழத்தில் லண்டன் முழுக்கத் தெரிகிற மாதிரி இருக்கும். அந்த வேலை ஒரு பார்வையில் பிடிபடாது. பக்கவாட்டில் போய்ப் பார்த்தால்தான் வீடுகள் எப்படிச் சுருங்குகின்றன என்று தெரியும்.


நீலவண்டி | ஹாரோ

வார்லி 2023 நவம்பரோடு நின்றது என்று கேள்விப்பட்டபோது மெய்யாகவே கவலையாக இருந்தது. அவ்வளவு கூட்டம் வந்ததே, பிறகு ஏன்?


மூணாம்_பிளாட்பாரம் | பர்மிங்காம்

கூட்டம் வேறு, வேலை செய்கிற கை வேறு தங்கச்சி. அதை நடத்தியது ஒரு ஊர் கிளப், சம்பளம் இல்லாத ஆட்கள். அந்த அளவு ஷோவுக்கு வருடம் முழுக்க வேலை இருக்கும், செய்கிறவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகும். இங்கே வாசிக்கிற இளையவர்கள் யாராவது உள்ளூர் கிளப்பில் சேர்ந்து, ஒரு ஷோவில் நாற்காலி அடுக்கவாவது போங்கள். வெள்ளி மதியம் கேபிள் ஒட்டுகிற டேப்பைப் பிடிக்க ஆள் இல்லாமல்தான் பாதி ஷோ திணறுகிறது.


ஜல்லிக்கல் | லெஸ்டர்

ஃபாரம் அனுப்பிவிட்டேன். நாலு பேர், பின்னால் மூன்றடி இடம், பிளக் இரண்டு. லேஅவுட் உயரம் மூன்று அடி எட்டு அங்குலம் வருகிற மாதிரி அதன் கால்களை அறுக்கப்போகிறேன். மூன்றரைக்கு இறக்கினால் என் கைகாட்டிக் கம்பிகள் கீழ்க்கட்டையில் முட்டுகின்றன, மன்னிக்க வேண்டும் சாய்தளம் அண்ணா. முன்பலகையை மூன்று அங்குலம் தாழ்த்தி ஈடுகட்டுகிறேன்.

ஆட்டோ கோச் யோசனைக்கு மூணாம் பிளாட்பாரம் அண்ணாவுக்குப் பெரிய நன்றி. என்னிடம் ஒன்று பெட்டியிலேயே கிடக்கிறது. ஃபிடில் யார்டில் பாயின்டை எடுத்துவிட்டு, அலுமினியக் கோணச்சட்டம் ஒட்டிய கேசட் வைக்கிறேன். முழு வண்டியையும் அப்படியே தூக்கி மாற்றலாம். இரண்டு முனையிலும் தடுப்புத் தகடு கட்டாயம் உண்டு.

முன்பக்கம் நிற்க ஆள்தான் இல்லை. எங்கள் நாலு பேரில் மூன்று பேருக்கு வாயே திறக்காது.


கேட்கீப்பர் | மில்டன் கீன்ஸ்

சனிக்கிழமை முழுக்க நான் நிற்கிறேன். கட்டத்தான் தெரியாது, பேசத் தெரியும். அந்த பெல் அட்டையை முதலில் எனக்கு அனுப்புங்கள்.


மூணாம்_பிளாட்பாரம் | பர்மிங்காம்

அப்படியென்றால் ஃபாரத்தில் நாலை ஐந்து என்று திருத்தி இன்றைக்கே மெயில் போடுங்கள் தம்பி. பாஸ் அச்சடித்த பிறகு கேட்டால் கிடைக்காது.

இன்னொன்று மறந்துவிட்டேன்: ஞாயிறு மாலை ஷோ முடிந்ததாக அறிவிக்கும் முன் ஒரு வேகனைக்கூடப் பெட்டியில் வைக்காதீர்கள். அதை மேனேஜர்கள் நன்றாக ஞாபகம் வைத்திருப்பார்கள். வேன் உள்ளே வர வரிசை இருக்கும், எப்படியும் காத்திருக்கத்தான் வேண்டும். ஃபிளாஸ்கில் டீ மிச்சம் வையுங்கள்.